பதினோரு அடி அகலம்

மஸ்கட்
3.11.1989

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் சுகம். செம்பாக்கத்தில் மழை விட்டதா? குழந்தை சாராளின் இருமல் நின்றதா?

நாம் கட்டப்போகும் வீட்டில், பாட்டுக் கேட்கும் அறைக்கு நீளம் பதினாறு அடி, உயரம் பத்து என்றால் அகலம் பன்னிரண்டு வையுங்கள் என்று எழுதியவள் நான்தான். அகலமும் உயரமும் ஒன்றானால் கீழ்ச்சுரங்கள் முழங்கும். பள்ளியில் பௌதிகம் நடத்துகிறவள் வேறெப்படி எழுதுவேன்? அதற்கு நம் மேஸ்திரி, "பன்னண்டு மனையடி சாஸ்திரத்துக்கு ஆவாது சார், வூட்டம்மா வூட்டுல தங்க மாட்டாங்க" என்றாராம். நீங்கள், "அவ ஏற்கெனவே மஸ்கட்டுல இருக்காளேப்பா" என்றீர்களாம். அறைத்தோழி ரத்தினபாய்க்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அறைக் கதவுக்குப் பஞ்சு வைத்து அடைக்க வேண்டாம். உள்ளே ரெக்கார்டு ஓடும்போது சாராள் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்க வேண்டும். அவள் பேச்சை ஒரு கேசட்டில் பிடித்து, இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். என் போட்டோவை அவளுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள்.

ரத்தினபாய் விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அஸ்திவாரம் தோண்டுவதற்குள் இது வந்து சேர வேண்டும். அகலத்தைப் பதினொன்றாக்கிவிடுங்கள். அதிலும் சத்தம் நன்றாகவே வரும், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். மேஸ்திரியின் சாஸ்திரத்தை நான் நம்பவில்லை. ஆனாலும் பன்னிரண்டு வேண்டாம், அத்தான்.

உங்கள்
பியூலா