கடுக்காய்ப் பொடியும் காதர் மைதீன் இடுப்பும்

என் அருமை மச்சான் காதர் மைதீனுக்கு,

ஸலாம். நீர் கண்ணை மூடிப் பத்து மாதம் ஆகிறது. தாராவியில் உம் தோல் பட்டறை நிற்காமல் நடக்கிறது. நான் தங்கச்சி என்று கூப்பிடும் உம் மனைவி ஆயிஷா காலை எட்டு மணிக்கே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறாள். நீர் இருந்தபோது ஒன்பதரைக்கு வந்த ஆட்கள் இப்போது ஏழே முக்காலுக்கு வந்து நிற்கிறார்கள். இதைக் கேட்டு உமக்குச் சந்தோஷமா, வருத்தமா?

இந்தக் கடிதத்தை உம்மிடம் கேட்காமல்தான் பத்திரிகையில் போடுகிறேன். காரணம் உம் சுலைமான். இருபது வருஷம் உம் பட்டறையில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த மனிதர், சென்ற மாதம் ரயில்வே ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உம்மை வைத்திருந்த அதே ஆஸ்பத்திரி, அதே மராத்தி டாக்டர். உமக்குப் பொருத்தியது போலவே இடுப்பு மூட்டில் ஓர் உலோகக் குண்டு.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் பார்க்கப் போனேன். நர்ஸ் நகரும்வரை காத்திருந்து, என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, புண்ணு லேசா கசியுது. நான் யார்ட்டயும் சொல்லல. மொதலாளிக்கு நீங்க கொண்டு குடுத்த பொடி இருக்குல்லா, அதுல கொஞ்சம் எனக்கும் கொண்டாங்க."

 உயிரோடு இருந்தவரை நீர் பட்டறையில் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறீர், மச்சான். மீதிப் பாதியை இன்று நான் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதேயும்.

நீர் விழுந்தது உம் பட்டறையிலேயே, சுண்ணாம்புத் தண்ணீர் சிந்திய தரையில். தொடை எலும்பின் தலை முறிந்துவிட்டது. அதை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒரு தலை வைத்தார்கள். பம்பாயிலேயே அது அப்போது புதிய சங்கதி. எக்ஸ்ரே படத்தைப் பட்டறைக் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லி, படுக்கையிலிருந்தே ஆளனுப்பினீர். வந்த வியாபாரிகள் தோலைப் பார்த்தார்களோ இல்லையோ, உம் இடுப்பைப் பார்த்தார்கள்.

தையல் பிரித்த பிறகு, தழும்பின் கீழ் நுனியில் ஊசி முனையளவு ஓர் ஈரம். கசிவு நிற்காவிட்டால் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தைக்கு நீர் பயந்துபோனீர். மறுநாள் நான் வந்ததும் கேட்டீர், பட்டறையிலிருந்து கடுக்காய்ப் பொடி வேண்டுமென்று. தோல் பதனிடுகிற அதே பொடி. ஆட்களுக்குக் கத்தி பட்டால் நீர் அள்ளிப் போடுகிற மருந்தும் அதுதான். நான் தயங்கினேன்.

"முப்பது வருசமா தோலோட பொழப்பு நடத்துதேன். மாட்டுத் தோல் கேக்குது, ஆட்டுத் தோல் கேக்குது, என் தோல் கேக்காதா? கொண்டாரும்வே" என்றீர்.

கொண்டு வந்தேன். நர்ஸுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று முகப் பவுடர் டப்பாவில் போட்டுக் கொண்டு வந்தவன் நான்தான். இதை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை.

மூன்றே நாளில் புண் காய்ந்தது. டாக்டர் மகிழ்ந்துபோய், தம் மாணவர்களைக் கூட்டி வந்து காட்டினார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து நீர் எனக்குக் கண்ணடித்தீர். வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். பட்டறையில் நீர் சொன்ன கதை இதோடு முடிகிறது, இல்லையா?

வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். தொடை அடுப்பாகச் சுட்டது. காலை ஊன்ற முடியவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. மேலே தழும்பு பதனிட்ட தோல் போல வறண்டு இறுகியிருந்ததால் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை. தாராவி என்றதும் மலேரியாவாக இருக்கலாமென்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நீர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, டப்பாவைப் பற்றி வாய் திறந்தால் உமக்கும் எனக்கும் பேச்சு முடிந்தது என்றீர். இரண்டு நாள் நான் வாய் திறக்கவில்லை. ஊரார் மறைத்ததையெல்லாம் தோண்டியெடுத்து அச்சில் போட்டுச் சம்பளம் வாங்கியவன், இரண்டு நாள்.

மூன்றாம் நாள் வராந்தாவில் ஆயிஷா என்னை நிறுத்தினாள். "அண்ணாச்சி, உங்க மச்சான் எந்தக் காலத்துல பவுடர் பூசினாக? அந்த டப்பாவுல என்ன?" என்றாள். நேராக டாக்டர் அறைக்குப் போனேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அந்தப் பொடி மாட்டுத் தோலை என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார். இறுக்கும், துளைகளை அடைக்கும் என்றேன். தம் பம்பாய் இந்தியில் விளக்கினார். கசிவு ஒரு தகவலாம்; உள்ளே கிருமி இருக்கிறது என்று உடம்பு எழுதி அனுப்பும் தகவல். நீங்கள் தபாலை நிறுத்திவிட்டீர்கள், கிருமியை அல்ல என்றார். உலோகத்துக்குள் ரத்தம் ஓடாது. கிருமி அதன்மேல் குடியேறிவிட்டால் மருந்து போய்ச் சேர வழியில்லை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் குண்டைக் கழற்ற வேண்டியிருக்கும், கால் குட்டையாகிவிடும், உயிருக்கும் உத்தரவாதமில்லை என்றார்.

அன்று மாலையே திறந்து கழுவினார்கள். ஒரு டம்ளர் சீழ் வந்தது. அதைப் பரிசோதனைக்கு அனுப்பியதில், அந்தக் கிருமிக்குப் பென்சிலின் ஒரு பொருட்டே இல்லை என்று தெரிந்தது. வேறு மருந்து தேடிப் பிடித்து ஆறு வாரம் ஊசி போட்டார்கள். குண்டு தப்பியது. காலும் தப்பியது.

நம் பேச்சுதான் தப்பவில்லை. பதினேழு நாள் நான் தினமும் வந்தேன். நீர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டீர். நான் உம் முதுகுக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டினேன். பதினெட்டாம் நாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டீர்: "அந்தப் பொடியை ஒழுங்காச் சலிச்சீராவே?"

பக்கத்துக் கட்டில்காரர் பதறும்படி சிரித்தேன். நீரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர், தையல் வலிக்கிறதென்று என்னையே திட்டினீர். அதன் பிறகு ஐந்தரை வருஷம் அந்தக் காலோடு தாராவி முழுக்க நடந்தீர். கடைசியில் உம்மைக் கொண்டுபோனது நெஞ்சு. இடுப்புக்கு அதில் சம்பந்தமில்லை.

இதையெல்லாம் சுலைமானிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "மொதலாளி அப்படிச் சொல்லலையே அண்ணாச்சி" என்றார். உம் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு, மச்சான், நீர் போன பிறகும். அந்தச் சொல்லை நம்பி ஒருவர் தம் காலையே இழக்கப் பார்த்தார். பட்டறைக்குப் போய் ஆயிஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உம் மானம் போகுமே என்று அவள் யோசிப்பாளோ என நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

கட்டில் பக்கத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஒங்க மொதலாளி தொடையிலேர்ந்து ஒரு டம்ளர் சீழ் எடுத்தாக. ஒங்களுக்கு எத்தனை டம்ளர் வேணும்?"

சுலைமான் தாமே நர்ஸைக் கூப்பிட்டார். மறுநாள் காலை திறந்து கழுவினார்கள். கிருமி ஆழமாக இறங்கியிருக்கவில்லை. எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரிந்துவிட்டது. நேற்று ஊன்றுகோல்களோடு எட்டு அடி நடந்தார். ஒன்பதாவது அடி எங்கே என்று ஆயிஷா கேட்டாளாம்.

டாக்டர் தமிழில் ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டிருக்கிறார். தாராவியிலிருந்து யார் வந்தாலும் கட்டைப் பிரிக்கும்முன் கேட்கிறார்: "மேலே என்ன போட்டே?" உச்சரிப்பு சகிக்கவில்லை. ஆனால் எல்லோரும் பதில் சொல்லிவிடுகிறார்கள்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மச்சான். இனி யார் கேட்டாலும் உம் கதையை முழுசாகச் சொல்வேன். டப்பாவைக் கொண்டுவந்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். உம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள், என்னைப் பார்த்தும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிரித்து முடித்துவிட்டு, புண்ணை டாக்டரிடம் காட்டட்டும்.

உம் மனைவியும் என் தங்கச்சியுமான ஆயிஷாவுக்கு அண்ணனும், அந்த வகையில் உமக்கு என்றும்
மச்சானுமான,
சங்கரலிங்கம்
மாட்டுங்கா