பளபளப்புக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் கடும் பனி. ஏரி தெரியவில்லை. வண்டிமேல் உப்புப் படலம். விரலால் இழுத்தால் கோடு விழுகிறது. கருநீலம் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

கூரியரில் ஒரு பெட்டி. மாப்பிள்ளை அனுப்பியது. உள்ளே கறுப்பு ஸ்ப்ரே புட்டி. காரைப் பளபளப்பாக்குமாம். எலுமிச்சை வாசனை. துடைக்க மஞ்சள் துணி வேறு.

தீபாவளிப் புடவையைக்கூட மகள் கையில் கொடுத்து அனுப்புகிறவர் இவர். திடீரென்று என் வண்டிமேல் அக்கறை. ஏன்?

போன் செய்தேன்.

"சும்மாதான் அத்தை. மாமா வண்டியாச்சே, நல்லா இருக்கட்டுமேன்னு. ஞாயித்துக்கிழமை நாங்க வர்றோம். அதுக்குள்ள தேசிங்கை ஒரு தடவை அடிச்சுத் துடைக்கச் சொல்லுங்க."

'சும்மாதான்' என்று தொடங்கும் எதையும் நான் நம்புவதில்லை.

போன மாதம்தான் கல்பனா சொன்னாள்: தனியாக எதற்கு அம்மா அங்கே, வண்டியைக் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிடு என்று. சென்னையில் அவர்கள் அடுக்குமாடியில் எனக்கு ஓர் அறை தயாராம். பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொருவர் ஜன்னல். இங்கே வண்டி இருக்கும்வரை யாரையும் கேட்காமல் கிளம்பலாம். வண்டி போனால் அடுத்தது நான்.

நாளை: கண் டாக்டர். மின் கட்டணம். கால்மிதியில் மணல் எப்படி வந்தது என்று டிரைவர் தேசிங்கைக் கேட்க.


பிப்ரவரி 4, செவ்வாய்

பொன்னேரி. கண் டாக்டர் அதே சொட்டு மருந்தை வேறு பெயரில் எழுதிக் கொடுத்தார். கேட்டேன். சிரித்தார்.

தேசிங்கு ஓட்டினான். கூப்பிட்டால் வருவான், மற்ற நாளில் அண்ணன் படகில் கடலுக்குப் போவான். மணலைப் பற்றிக் கேட்டதற்கு, "காத்துல வந்திருக்கும்மா" என்றான். மூடிய கண்ணாடி வழியாகவா?

திரும்பும்போது கார் சாமான் கடை. கடைக்காரர் எடுத்து நீட்டியது அதே கறுப்புப் புட்டி. இது அழுக்கை எடுக்குமா என்றேன்.

"மின்னும்மா."

"மின்னுவது இருக்கட்டும். அழுக்கை எடுக்குமா?"

தலையைச் சொறிந்துவிட்டு அடித்தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்தார். வெள்ளைப் புட்டி, வாசனை இல்லை. தண்ணீர் ஊற்றாமலே அழுக்கு, எண்ணெய், உப்பு எல்லாம் எடுக்கும், ஆனால் மின்னாது என்றார். கடையில் கேட்ட முதல் நேரான பேச்சு. வாங்கிவிட்டேன்.

நமக்குத் தண்ணீர் வேண்டாத மருந்துதான் சரி. போர் தண்ணீர் ஏரியைவிட உப்பு. குடிக்கிற தண்ணீர் கேனில் வருகிறது. அதில் ஒரு குவளைகூட வண்டிக்குக் கிடையாது.

தேசிங்கு முகம் வாடிவிட்டது. "அதான் சார் அனுப்ச்சது ஒண்ணு கீதேம்மா. இது இன்னாத்துக்கு?"

என் பணம், என் வண்டி. இவனுக்கு ஏன் வருத்தம்? கறுப்புப் புட்டியில் இவனுக்கு என்ன பங்கு?


பிப்ரவரி 5, புதன்

வெயில் நன்றாக இருந்தது. பரிசோதனை.

பானெட்டின் நடுவே வெள்ளை நூல் கட்டினேன். இடது பாதி அ (மாப்பிள்ளை). வலது பாதி ஆ (பொன்னேரி). கான்வென்டில் அறிவியல் சிஸ்டர் சொன்னபடி: ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சமமாக இருக்க வேண்டும். ஆளுக்கொரு புதுத்துணி. முதலில் மணலை ஊதித் தள்ள வேண்டும். மணலோடு தேய்த்தால் கீறல். தேசிங்கு வாயால் ஊதினான். பிறகு இருமினான்.

ஏரியில் கையாலேயே நண்டு பிடித்து விற்கும் அஞ்சலை கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னாக்கா, காருக்கு வகுடு எடுத்து வுட்டுக்கினு கீற? பூ வெக்கலியா?"

"பேசாமல் இரு. அளவு தப்பும்."

"எந்தப் பக்கம் நல்லா கீதுன்னு நான் சொல்லட்டா?"

"கேட்கவில்லை."

"இடது பக்கம்தான். அதுல என் மூஞ்சி தெர்யுது."

தெரிந்தது. என் முகமும். அவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆ தடவிய பாதி சுத்தம், ஆனால் மங்கல். ஸ்லேட்டு மாதிரி.

நண்டு வாங்கினேன். கால் ஒடிந்ததை அடியில் போட்டிருந்தாள். மாற்றினேன்.


பிப்ரவரி 6, வியாழன்

மறுபடி பனி. நூலை எடுக்காமல் பார்த்தேன். வலது பாதி இடது பாதியைவிட மின்னுகிறது! ஒரே ராத்திரியில்? வானவில் மாதிரி நிறம் வேறு. குனிந்து முகர்ந்தேன். டீசல்.

தேசிங்கைக் கூப்பிட்டேன். மறைக்கவில்லை; பெருமையாகவே சொன்னான்.

"படகு எஞ்சினுக்குத் தொடைக்கிற மாதிரிதான்மா. கடல்லேர்ந்து வந்த உடனே டீசல் துணியால ஒரு இழுப்பு இழுத்தா உப்பு ஒட்டாது. அந்தப் பக்கம் டல்லா கீதே, ஞாயித்துக்கிழம..."

நிறுத்திக்கொண்டான்.

"ஞாயிற்றுக்கிழமை என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா."

மதியத்துக்குள் அந்தப் பாதியில் தெருப்புழுதி எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டது. அப்பளத்தில் மிளகு மாதிரி. ஆ போட்டுத் துடைக்க வைத்தேன். டீசல் ஒரே தடவையில் போயிற்று. ஆவுக்கு ஒரு மதிப்பெண். தேசிங்குக்குக் கழித்தல்.

ஞாயிற்றுக்கிழமை என்ன?


பிப்ரவரி 7, வெள்ளி

தெரிந்துவிட்டது.

வண்டி நிற்பது ஐஸ் பேக்டரிக் கொட்டகையில். வீட்டுக்காரர் இருந்தவரை பேக்டரி ஓடியது. இப்போது கூரையும் வண்டியும்தான். கொட்டகைக்குப் பின்னால் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். உள்ளே தேசிங்கு போனில்.

"ஆமா சார்... அடியில துருவெல்லாம் தெர்யாத மாதிரி நீங்க குடுத்ததையே அடிச்சி வுட்டுட்டேன் சார்... இல்ல சார், ஆயாவுக்கு இன்னும் தெர்யாது."

ஆயா!

உள்ளே போனேன். போன் அவன் கையிலிருந்து விழுந்தது. உடையவில்லை.

எல்லாம் சொன்னான். ஞாயிறன்று மாப்பிள்ளையோடு வண்டி வாங்க ஒருவர் வருகிறார். பெயர் ஏகாம்பரம். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு ஆள் ஏற்றிப்போக வண்டிகள் விடுகிறவர். எந்தத் துறைமுகம் வேண்டாம் என்று இந்தக் கரை முழுக்கப் போய் ரோட்டில் உட்கார்ந்தார்களோ, அதற்கு. அன்று போராட்டப் பந்தலுக்கு மோர் கொடுத்து அனுப்பியவள் நான்.

"உனக்கு என்ன கிடைக்கிறது?"

தரையைப் பார்த்தான். "வண்டிய எடுத்தா என்னையே டைவரா வெச்சிக்கிறேன்னாரும்மா. மாசச் சம்பளம். நான் இன்னாம்மா பண்றது? நீங்க மாசத்துல ரெண்டு தபா கூப்புட்றீங்க."

அவன் சொன்னது நியாயம் என்பதை இங்கே எழுதலாம். அவனிடம் சொல்ல முடியாது.

டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தேன். முழங்கால் வலி. பின்கதவு அடியில், சக்கர வளைவில், டிக்கி ஓரத்தில் எல்லாம் துரு. அதன்மேல் கறுப்புப் புட்டிப் பளபளப்பு. ஐஸ் கட்ட உப்புத் தண்ணீர் தேக்கி வைத்த தரைமேல் நிறுத்தினால் வேறென்ன ஆகும். கொட்டகையில் நிறுத்தச் சொன்னது நான்தான். அது வேறு விஷயம்.


பிப்ரவரி 8, சனி

தூக்கமில்லை. வாடைக் காற்று.

விற்கமாட்டேன் என்று போனில் சொல்லலாம். சொன்னால் 'அத்தைக்குப் பிடிவாதம்' என்பார் மாப்பிள்ளை. கல்பனா அழுவாள். அழுதால் நான் இறங்கி வருவேன். அது அவளுக்கும் தெரியும். வாங்க வருகிறவனே வேண்டாம் என்று எழுந்து போனால் யார்மேலும் குற்றமில்லை.

இதற்கு வழி ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் மீனவ ஆட்களிடையே படகு விற்கும்போது, எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று விற்கிறவரே ஒவ்வொன்றாகக் கை வைத்துக் காட்ட வேண்டும். ஹாஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அப்பா அப்படிக் காட்டியதைப் பார்த்திருக்கிறேன். வாங்க வந்தவன் பாதியிலேயே வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதுதான் வேண்டும். பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையைச் சொல்லியே விரட்டலாம்.

ஆ புட்டி, பழைய பல்துலக்கும் பிரஷ். துரு இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் அடித்துத் தேய்க்க வைத்தேன். பளபளப்பு போய்ச் சிவப்பு தெரிந்தது. கறுப்புப் புட்டி அலமாரியில். பூட்டிவிட்டேன்.

"சாரு கேட்டா இன்னாம்மா சொல்றது?"

"அம்மா பூட்டி வைத்துவிட்டார்கள் என்று சொல்."

"பளபளன்னு பண்ணி வித்தா நாலு காசு கூட வரும். நீங்க சொறி புட்ச்ச மாதிரி ஆக்கிட்டீங்களேம்மா."

"தேய்."

அஞ்சலையிடம் நாளைக்கு நண்டு சொல்லியாகிவிட்டது. கால் முழுசாக. கல்பனாவுக்குப் பிடிக்கும்.


பிப்ரவரி 9, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினோரு மணிக்கு வந்தார்கள். பறவை பார்க்க வந்த கார்களால் ரோடு முழுக்க நெரிசலாம். கல்பனா என்னைக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை நேரே கொட்டகைக்குப் போனார். "என்ன அத்தை இது, துடைக்கச் சொன்னேனே!"

"துடைத்தாயிற்று."

ஏகாம்பரம் நான் நினைத்த மாதிரி இல்லை. வெள்ளைச் சட்டை, கழுத்துச் சங்கிலி எல்லாம் உண்டு. ஆனால் செருப்பைக் கொட்டகைக்கு வெளியே கழற்றிவிட்டு வந்தார். அதையும் சந்தேகப்பட்டேன்.

நான் தொடங்கினேன். பின்கதவு அடி. கை வைத்தேன். "இங்கே துரு. அட்டை மாதிரி இளகிவிட்டது." வலது சக்கர வளைவு. கை வைத்தேன். இடது வளைவு. டிக்கி ஓரம், மழையில் ஒழுகும் என்றேன். மாப்பிள்ளை, "அத்தை... அத்தை..." என்று பின்னாலேயே வந்தார். ஏகாம்பரம் எழுந்து போகவில்லை. கைகட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பது மாதிரி நின்றார். எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் தேடினேன். முன்பக்கம் தரைத்தகடு, பாயைத் தூக்கிக் காட்டினேன். அதுதான் கடைசி. கை வைத்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்துப் பானெட் மேல் வைத்தார்.

"எங்க நைனாவும் படகுக்காரர்தாம்மா. இந்தக் காலத்துல யாரு இப்டி கை வெச்சிக் காட்றாங்க? துரு இருக்கட்டும். தகடு வெட்டி வெச்சிக்கிறேன். சார் சொன்ன வெலைக்கே எடுத்துக்கிறேன். பேரம் இல்ல."

எனக்குப் புரியவில்லை. தேசிங்கு காதருகே வந்தான்.

"கடேசி ஒட்டு வரிக்கும் கை வெச்சிக் காட்டிட்டா குட்த்தாச்சின்னு அர்த்தம்மா. அப்பால வாங்குறவன் பேரம் பேசக் கூடாது. விக்கிறவங்க வார்த்த மாறக் கூடாது. உங்குளுக்குத் தெர்யாதா?"

தெரியாது. அன்று அந்த ஆள் பாதியிலேயே எழுந்துவிட்டானே. மீதியை நான் எங்கே பார்த்தேன்? ஹாஸ்டல் பெண்.

நோட்டு காற்றில் ஆடியது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மாப்பிள்ளை முகத்தில் வாரம் முழுக்க நான் சந்தேகப்பட்ட வெற்றிச் சிரிப்பு, இப்போது வெளிப்படையாக.

நோட்டை எடுத்து ஏகாம்பரத்திடம் நீட்டினேன். "மன்னிக்க வேண்டும். நான் விற்கக் காட்டவில்லை. உங்களை விரட்டக் காட்டினேன். முறை முழுதும் எனக்குத் தெரியாது. வண்டியை நான் விற்கவில்லை."

என் வயதில், டிரைவர் முன்னால், மாப்பிள்ளை முன்னால்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "வெரட்றதுக்கா இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? வோணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாசலோட போயிருப்பேனேம்மா!" நோட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

மாப்பிள்ளை கத்தவில்லை. அது இன்னும் மோசம். "இந்த வண்டியை வச்சிக்கிட்டு எங்க போகப் போறீங்க அத்தை? ஒரு இடம் சொல்லுங்க." சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

கல்பனா சமையலறைக்கு வந்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னால் அழுவாய்."

"அழுதா என்னம்மா? அழுதுட்டு விட்டுடுவேன்."

அழுதாள். நண்டு சாப்பிட்டாள். நானும்.


பிப்ரவரி 10, திங்கள்

பனி இல்லை. அக்கரை மரங்கள் தெளிவாகத் தெரிந்தன.

தேசிங்கு வருவானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எழுதமாட்டேன். தாமதமாக வந்தான். ஏகாம்பரம் வேறு வண்டிக்குக் கூப்பிட்டிருக்கிறாராம். யோசிக்கிறானாம்.

"யோசி. போவதானால் என்னிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போ."

"நீங்க மட்டும் நேராவாம்மா சொன்னீங்க?"

வாரத்தில் மூன்று நாள் வேலை, சம்பளம் மாதக் கணக்கில் என்றேன். மூன்று நாள் எங்கே போவது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

புடவை மாற்றினேன். மருந்து இருக்கிறது. மின் கட்டணம் கட்டியாயிற்று. வங்கியில் வேலையில்லை. பின் இருக்கையில் ஏறினேன்.

"எங்கம்மா?"

"எடு."

கடைத்தெரு தாண்டியது. கண்ணாடியில் என்னைப் பார்த்தான். ஒரு வாரமாக நான் அவனைப் பார்த்த அதே பார்வை.

"பொன்னேரியா?"

"இல்லை."

"காட்டூரா?"

"இல்லை."

"அப்ப எங்கதாம்மா?"

"பெட்ரோல் இருக்கிறதா?"

"கீது."

"பிறகென்ன. போ."