எந்திரத்துக்குத் தெரியாத முகம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? நான் சௌக்கியம். ஆனால் கிடங்கு வாசலில் இருக்கும் வருகைப்பதிவு எந்திரம், நான் நானில்லை என்கிறது.

வேலைக்குச் சேர்ந்த அன்று எடுத்த படத்தோடு முகம் ஒத்துப்போக வேண்டுமாம். இரண்டு வருடத்தில் கன்னம் ஒட்டிப்போகும் என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. இரண்டு நாளாகப் பெட்டிகளைத் தூக்கியது நான்தான், பதிவில் ஆப்சென்ட். சூப்பர்வைசரிடம் போனேன்.

“அண்ணே, உங்க எதிர்லதான நிக்கிறேன்?”

“எனக்குத் தெரியுதுப்பா, மெஷினுக்குத் தெரியலியே! கன்னத்தை உப்பிக்கிட்டு நின்னு பாரு.”

உப்பினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பச்சை விளக்கு எரியவில்லை. இங்கே எந்திரத்தைச் சந்தேகப்படும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. மனிதனைச் சந்தேகப்பட எல்லோருக்கும் உண்டு.

நாளையும் ஆப்சென்ட் விழுந்தால் வேலையும் போகும், அவர்கள் கொடுத்த அறையும் போகும். பதறாதே. வீட்டார் வீடியோவில் பார்த்து ‘அதே ஆள்தான்’ என்று சொன்னால், ஆபீசில் படத்தை மாற்றிவிடுவார்களாம். நாளை காலை பத்து மணிக்கு அழைப்பேன். போனில் சார்ஜ் போட்டு வை. நம் கல்யாணப் போட்டோவையும் எடுத்து வை.

நீ வீடியோவில் வரச் சொன்னபோதெல்லாம் சிக்னல் இல்லை என்றது பொய். பாப்பா பக்கத்தில் இருக்க வேண்டாம்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்; தபால் நாளைக்குள் வராது, இதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நாளை என்னைப் பார்த்ததும் அழுதுவிடாதே. தயங்கவும் செய்யாதே. அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் “இவர்தான்” என்று சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்