கோட்டின் ஓரத்தில் நீ பார்த்தது

என் மாலதிக்கண்ணு,

உன் கட்டுரை வெளிவந்துவிட்டது. முதல் பெயர் உன்னுடையது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று ஒரு வாரமாக மனதுக்குள்ளேயே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தோம். தூசிக்குள் மறைந்து, அகச்சிவப்பு ஒளியில் மட்டும் பளீரென்று தெரியும் விண்மீன் திரள்கள்தான் நம் வேலை. அவற்றின் நடுவில் நட்சத்திரங்கள் மளமளவென்று பிறக்கின்றன. அந்த வேகமே சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளிவிடும். வாயு போய்விட்டால் அடுத்த நட்சத்திரம் எதிலிருந்து பிறக்கும்? தன் வளர்ச்சிக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்ளும் இதைத்தான் பின்னூட்டம் என்கிறோம்.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு உன்னால் ஈப்போவை விட்டு நகர முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். ஒரு கையில் ஊசி, மறு கையில் லேப்டாப். தாதி திட்டினால், "சீரியல் பாக்கலலா மிஸ்ஸி, வேலை பாக்குறேன்" என்பாயாம்.

அப்படி ஒரு காலையில்தான் அந்த வரைபடத்தை எனக்கு அனுப்பினாய். ஒரு திரளின் கார்பன் மோனாக்சைடு வாயுவிலிருந்து வந்த ரேடியோ அலைகள். கோடு நடுவில் மேடாக எழும்பி, இடது பக்கம் சட்டென்று இறங்காமல் கொஞ்சம் நீண்டு கிடந்தது. "அக்கா, இது நம்ம பக்கமா வேகமா வர்ற வாயு. வெளியேறிக்கிட்டிருக்கு" என்று எழுதியிருந்தாய்.

எனக்கு அது தரவில் தற்செயலாக வரும் வெறும் இரைச்சலாகத்தான் பட்டது. பேராசிரியரும் அதையே சொன்னார். குழுக் கூட்டத்தில் நான் அவர் பக்கம் பேசினேன். என்மேல் கோபப்பட்டாயா, மாலதி? கோபப்பட்டிருந்தாலும் நீ காட்டிக்கொள்ளவில்லை. பரவாயில்லைக்கா, மறுபடி பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாய். இரண்டு மாதத்தில் ரத்தத்தில் கிருமி ஏறி, நாலே நாளில் போய்விட்டாய். மறுபடி பார்த்தாயா என்று நான் கேட்கவே இல்லை.

கருமாதி முடிந்த அன்று உன் அம்மா உன் லேப்டாப்பை என் கையில் கொடுத்தார்கள். பல நாள் திறக்கவில்லை. திறந்தபோது, உன் முடிவுகள் எதையும் தொடாமல், தொலைநோக்கியிலிருந்து வந்த மூலத் தரவிலிருந்து எல்லாவற்றையும் நானே புதிதாகச் செய்தேன். நீட்டம் அப்படியே இருந்தது. வேறொரு மூலக்கூறின் பழைய பதிவுகளைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே இடத்தில், அதே நீட்டம். அன்று என் குனோங் ராபாட் வீட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன். பிறகு எழுத ஆரம்பித்தேன்.

பேராசிரியர் தான் சொன்னது தவறு என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் உன் பெயரைக் கடைசியில் வரும் நன்றிக் குறிப்பில் போடலாம் என்றார். முதல் பெயர்க்காரர்தான் கட்டுரைக்குப் பொறுப்பு, கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவரை எதிர்த்து நான் பேசியதே இல்லை, உனக்குத் தெரியும்.

"பதில் நான் சொல்றேன் சார். ஆனா கண்டது அவ" என்றேன். அவர் அரை மனதாகத்தான் சம்மதித்தார்.

கேள்வி வரத்தான் செய்தது. அந்த நீட்டம் கருவியின் கோளாறு இல்லை என்பதற்கு என்ன உறுதி என்று இதழின் மதிப்பாய்வாளர் கேட்டிருந்தார். பதிலை எங்கிருந்து தொடங்குவது என்று உன் கோப்புகளைத் துழாவினேன். 'மறுபடி' என்ற பெயரில் ஒரு கோப்புறை கிடந்தது. கூட்டம் முடிந்த அதே வாரம் நீ தொடங்கியது. முதல் இரவின் பதிவுகளைத் தனியாகவும் இரண்டாவது இரவின் பதிவுகளைத் தனியாகவும் பிரித்திருந்தாய். மேடு எந்த மட்டத்திலிருந்து எழும்புகிறது என்று கணிக்கும் அடிக்கோட்டை ஐந்து விதமாக மாற்றிப் பார்த்திருந்தாய். எல்லாவற்றிலும் நீட்டம் நின்றது. கீழே ஒரு வரி: அக்காவிடம் காட்டணும்.

அதையே பதிலாக அனுப்பினோம். கட்டுரை ஏற்கப்பட்டது. பேராசிரியர் என் மேசைக்கு வந்து, "யார் பதில் சொல்றதுன்னு கேட்டேன். அவளே சொல்லிட்டா" என்றார்.

போன ஞாயிறு சிலிபினில் உன் வீட்டுக்குப் போய், அச்சடித்த பிரதியை அம்மாவிடம் கொடுத்தேன். உன் பெயர் எது என்று கேட்டு, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்கள். அப்படி என்ன கண்டுபிடித்தாள் என்று கேட்டார்கள். எல்லாரும் ஒன்றுமில்லை என்று சொன்ன இடத்தில் ஒன்று இருக்கிறது என்று அவள் சொன்னாள், அது உண்மையிலேயே இருந்தது என்றேன். அம்மா பக்கத்தைப் புரட்டி உன் திரளின் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, "இன்னொன்னு இருக்கா? கேண்டீன்ல ஒட்டணும்" என்றார்கள். மறுநாள் படம் வந்தது. அம்மா சமைக்கும் பள்ளிக்கூடக் கேண்டீனில், மீ கோரெங் நூடுல்ஸ் விலைப் பலகைக்குப் பக்கத்தில் உன் விண்மீன் திரள். சீருடைப் பிள்ளைகள் தட்டோடு நின்று அதைப் பார்க்கிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. அந்த வாயு திரளை விட்டே போய்விடுமா, பாதி வழியில் வேகம் குறைந்து திரும்பி விழுமா? திரும்பிவிடும் என்று நீ குறித்து வைத்திருக்கிறாய். போய்விடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூர்மையாகப் பார்க்கத் தொலைநோக்கி நேரம் கிடைத்திருக்கிறது.

நீ சொன்னது சரியென்றால் சரியென்று எழுதுவேன். தவறென்றால் தவறு என்றே எழுதுவேன், நீ இல்லை என்று இரக்கப்பட்டு மழுப்ப மாட்டேன். கூட வேலை செய்கிற ஆளிடம் எப்படிப் பேசுவேனோ, உன்னிடம் அப்படியே பேசுவேன். இது சத்தியம்.

உன்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசித் திரியும்,
உன் அக்கா
பவானி
குனோங் ராபாட், ஈப்போ