வலது என்று எழுதிய தாள்

சேக்காடு, ஆவடி
11.2.1990

அன்புள்ள மாமாவுக்கு, சொர்ணம் எழுதுவது.

என் முதுகைத் தவிர இங்கே எல்லாரும் நலம். சம்பத் அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய தைலத்தைக் கொடுத்தார். இதோடு பதினொரு பாட்டில். அலமாரியில் வரிசையாக நிற்கின்றன.

செய்தியைக் கேளுங்கள். பூந்தமல்லியில் ஆறு மாதம் அக்குபிரஷர் வகுப்புக்குப் போனேன் அல்லவா, பரீட்சையில் தேறிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் முதுகு விடாது என்று போக வர நின்றுகொண்டேதான் பயணம். கண்டக்டர் ஒருநாள், "சீட்டு காலியா கீது, நின்னுகினே வரியே, இன்னாம்மா வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வலி போய்விட்டதா என்பீர்கள். போகவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ரயில்வே கேட்டில் மொபெட்டிலிருந்து விழுந்த அன்று வந்தது, இன்றும் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது. ஆனால் எங்கே அழுத்தினால் கொஞ்ச நேரம் இறங்கும் என்று இப்போது தெரியும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்கு இனி என்னால் போக முடியாது. இதுதான் என் வேலை.

நீங்கள் போய் மூன்று வருடம் ஆயிற்று. சித்திரைக்காவது வருவீர்களா?

உங்கள்
சொர்ணம்

*

மஸ்கட்
4.3.1990

அன்பு சொர்ணத்துக்கு,

நீ தேறியதில் சந்தோஷம். முதுகு எப்படி இருக்கிறது? தைலத்தைத் தேய்க்கிறாயா, இல்லை வரிசையாக வைத்து வேடிக்கை பார்க்கிறாயா?

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. ஊரார் கால்களையெல்லாம் தொட்டு அழுத்துகிறாயாமே. கேட் மூடுவதற்குள் போய்விடலாம் என்று வண்டியை முறுக்கியது நான். என்னால்தான் உன் வேலை போனது. அதற்காக நீ இன்னொருவர் காலைப் பிடிக்க வேண்டுமா?

சித்திரையில் லீவு கிடைக்காது. ஸ்டோரில் ஆள் குறைவு.

துலுக்கானம்

*

சேக்காடு
25.3.1990

அன்புள்ள மாமாவுக்கு,

காலைப் பிடிக்கத்தான் பிடிக்கிறேன். அதில் எனக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை.

முதலில் வந்தது பக்கத்து வீட்டுக் குப்பம்மா அக்கா. வலது முட்டியில் வலி. எங்கள் முறையில் வலது பக்க வலிக்கு இடது பக்கத்தில் அழுத்துவோம்; முட்டிக்கு முழங்கையிலும் ஓர் இடம் உண்டு. நான் இடது முழங்கையைப் பிடித்ததும், "ஏண்டி, முட்டி கீழ கீது. நீ மேல இன்னாத்த தேடிகினு கீற?" என்றார். பிறகு, "ஒம் முதுவையே சரி பண்ணிக்க முடியல, எனக்கு வைத்தியமா?"

"வலின்னா இன்னான்னு எனக்குத் தெரியும்க்கா. அதான்" என்றேன். எழுந்து வாசல்வரை நடந்து பார்த்துவிட்டு, "இன்னாமோ பண்ற. நாளிக்கும் வரேன்" என்று போனார். இப்போது தினம் நாலு பேர் வருகிறார்கள்.

நீங்கள் ஃபிட்டராகத்தானே போனீர்கள்? ஸ்டோருக்கு எப்போது மாற்றினார்கள்? சம்பத் அண்ணனைக் கேட்டேன். "அண்ணாத்தேக்குக் காலு கொஞ்சம்..." என்று தொடங்கியவர், டீ ஆறுகிறது என்று பேச்சை மாற்றிவிட்டார்.

நேரில் வர முடியாதவர்களைப் பாதத்தை வரைந்து அனுப்பச் சொல்வது எங்கள் வழக்கம். ஒரு தாளுக்கு ஒரு பாதம். பென்சிலை நேராகப் பிடித்து ஓரத்தோடு ஒட்டி வரையுங்கள். அழுத்தினால் நோகிற இடத்தில் புள்ளி வையுங்கள்.

காத்திருக்கும்
சொர்ணம்

*

மஸ்கட்
16.4.1990

சொர்ணத்துக்கு,

இரண்டு பாதமும் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். எங்கேயும் நோகவில்லை, அதனால் புள்ளி இல்லை. சம்பத்துக்கு வாய் நீளம். லீவு பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதுகைப் பார்த்துக்கொள்.

துலுக்கானம்

*

சேக்காடு
6.5.1990

மாமா,

கல்யாணமான புதிதில் உங்கள் இடது காலில் அம்மிக் குழவி விழுந்ததே, நினைவிருக்கிறதா? போட்டது நான்தான். அன்றிலிருந்து சுண்டுவிரல் உள்பக்கம் மடிந்திருக்கும். இடது என்று எழுதிய தாளில் அந்த மடிப்பு இருக்கிறது. வலது என்று எழுதிய தாளிலும் இருக்கிறது.

ஒரு தாளைத் திருப்பி இன்னொன்றின்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். கோட்டோடு கோடு பொருந்தியது. இடது காலையே திருப்பி வரைந்து வலது என்று எழுதியிருக்கிறீர்கள்.

குழவியைச் சொல்லி ஒருநாளாவது என்னைக் கடிந்திருக்கிறீர்களா? நான் மட்டும் ரயில்வே கேட்டைச் சொல்லிக் காட்டுவேனா?

வலது காலுக்கு என்ன ஆயிற்று?

சொர்ணம்

*

மஸ்கட்
1.6.1990

சொர்ணம்,

போன ஆகஸ்டில் இரும்புக் குழாய் உருண்டு விழுந்தது. வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் கொடுத்திருக்கிறார்கள், நடக்கிறேன். சம்பத்திடம் சத்தியம் வாங்கியிருந்தேன். உன்னால் இருபது நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. உன் தலையில் என்னையும் எப்படி ஏற்றுவேன்?

ஒன்று சொன்னால் நீ சிரிக்கக் கூடாது. இல்லாத விரல்கள் வலிக்கின்றன. கட்டைவிரலை யாரோ பிடித்து முறுக்குவது போல. இங்கே சொன்னேன், சிரித்தார்கள். அப்போதெல்லாம் உன் பெயர்தான் வாயில் வருகிறது.

துலுக்கானம்

*

சேக்காடு
22.6.1990

என் மாமாவுக்கு,

சிரிக்கவில்லை. பூந்தமல்லிக்குப் போய் எங்கள் டீச்சரைக் கேட்டேன். அப்படியும் வலிப்பது உண்டு, அது பொய்யில்லை என்றார். போகும்போதும் வரும்போதும் நின்றுகொண்டே அழுதேன். அதே கண்டக்டர்தான். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

வலது பக்க வலிக்கு இடது பக்கம். அந்த முறை உங்களுக்கும் மாறாது. இடது கால் உங்களிடம் முழுசாக இருக்கிறது, மடிந்த சுண்டுவிரலோடு. எனக்கு அது போதும். வலது என்று எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன். மற்றதை வைத்திருக்கிறேன்.

அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன். என்னுடையதே போகவில்லை. கொஞ்ச நேரம் இறங்கும். ஆனால் தபாலில் அழுத்த முடியாது. எந்த நாள் விமானம் என்று எழுதுங்கள். தைலம் வேண்டாம், விரல் வழுக்குகிறது.

என் முதுகுக்கும் ஓர் இடம் உண்டு, தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே. ஆறு மாதம் படித்தும் அந்த இடம் மட்டும் என் கைக்கு எட்டவில்லை. நீங்கள் வந்தால் காட்டித் தருகிறேன்.

சொர்ணம்