உள்ளே இழு, மூச்சை விடு

1936 பிப்ரவரி 3, திங்கள்

காலையில் நல்ல பனி. ஐந்தாம் வகுப்புக்கு டிரில். இரண்டாவது குதிப்பிலேயே சிறுநீர் கசிந்துவிட்டது. உள்ளே துணி மடித்து வைத்திருந்தும் முழங்கால் வரை ஈரம். "ஹால்ட்" என்று பிள்ளைகளை நிறுத்திவிட்டு, காலில் சுளுக்கு என்று பொய். இந்தச் சுளுக்கை இன்னும் எத்தனை நாள் நம்புவார்களோ.

பிள்ளைக்கு ஏழு மாதம். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். அன்று பிடித்த சனியன் இது. இருமினால், குடம் தூக்கினால், சிரித்தால். சிரிப்பதை விட்டாயிற்று. இருமலை என்ன செய்ய?

எச்.எம். அம்மா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். மாதக் கடைசியில் இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிறாராம். "டிரில் டீச்சர் முன்னால நின்னு செஞ்சு காட்டணும். விசில் ஊதுறதுக்கு மட்டும் ஆள் வைக்க முடியாது." சொல்லும்போது என் காலைப் பார்த்தார்.

மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று நெஞ்சு கெட்டு இவர் வீட்டோடு இருக்கிறார். அத்தை, பிள்ளை. எல்லாருக்கும் சோறு என் விசிலில்தான்.

வாங்க வேண்டியது: சோப்பு, பார்லி, பழைய வேட்டி கிடைத்தால்.

பிப். 5, புதன்

சாயங்காலம் மிஷன் ஆஸ்பத்திரி. நர்ஸ் ரூத்து அக்கா ஞாயிறுதோறும் கோயிலில் என் பக்கத்தில் உட்காருபவர்தான். அப்படியும் வாய் வரவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு" என்று ஆரம்பித்தேன்.

"அந்த ஒருத்தி எங்க? வெளிய நிக்கிறாளா?" என்றார். அழுதுவிட்டேன்.

படுக்க வைத்துச் சொன்னார். இடுப்பெலும்புக்கு நடுவில், அடியில், தொட்டில் துணி மாதிரி சதை இருக்கிறதாம். என்னுடையது தொய்ந்துவிட்டது. "ஒண்ணுக்குப் போகும்போது பாதியில நிறுத்துற மாதிரி நெனச்சுக்கிட்டு உள்ளுக்கு இழு. கொஞ்சம் பிடி. விடு. தெனமும் செய்யணும்."

"மாசக் கடைசிக்குள்ள சரியாயிருமாக்கா?"

"மாசக் கடைசியா? மூணு மாசமாவது ஆகும் தாயீ."

என்னிடம் ஏது மூன்று மாதம்.

பிப். 12, புதன்

நாள் தவறாமல் செய்கிறேன். விடிவதற்கு முன், சமையலுக்கு முன், மதியம் ஸ்டோர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு. மார்பை நிமிர்த்தி, வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து. டிரில் டீச்சருக்குச் சொல்லியா தர வேண்டும்.

குறையவில்லை. கூடியிருக்கிறது. இன்று வெறுமனே நடந்ததற்கே போயிற்று.

அத்தை கொடியைப் பார்த்து, "ஏத்தா, பிள்ளைக்கா இம்புட்டுத் துணி?" என்றார். ஆமாம் என்றேன். பாவம் பிள்ளை, என் பழியையும் சேர்த்துச் சுமக்கிறான்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். எரிச்சல்தான் மிச்சம்.

பிப். 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ரூத்து அக்கா வீட்டில். செய்து காட்டச் சொன்னார். செய்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கு, தொடை இறுகிருக்கு, மூஞ்சி செவந்திருக்கு. வேல செய்ய வேண்டியதத் தவிர மத்ததெல்லாம் வேல செய்யுது! மூச்சப் பிடிச்சா எல்லாம் கீழ்நோக்கித்தான் அமுங்கும். இது என்ன பரேடா?"

பத்து நாளாக என் கையாலேயே கெடுத்திருக்கிறேன். எனக்கு உடம்பென்றால் அட்டென்ஷன்தான் தெரியும். விறைத்தால் பலம் என்று பிள்ளைகளுக்கும் அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

சரியான முறை: வயிறு தளர, தொடை தளர. அடிச் சதை மட்டும் உள்ளே, மேலே. மூச்சு தன்பாட்டில் போக வேண்டும். "செய்யும்போதே பாடு. பாட முடிஞ்சா சரியாச் செய்றேன்னு அர்த்தம்."

வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு கீர்த்தனை பாடினேன். உள்ளே ஏதோ லேசாக அசைந்தது. அசைந்ததா, நினைப்பா?

பிப். 22, சனி

வெயில் ஏறிவிட்டது. இவர், "நான் இருமுறேன்னு ஒதுங்கிப் படுக்கிறியா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். நாற்றத்துக்குப் பயந்து ஒதுங்குகிறேன் என்று எந்த வாயால் சொல்ல. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கர்த்தாவே, ஒரே ஒரு நாள் தாங்கினால் போதும். அப்புறம் என்ன வேண்டுமானாலும் ஆகட்டும். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. அதை எழுத மாட்டேன்.

பிப். 27, வியாழன்

இன்ஸ்பெக்ஷன். காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

இன்ஸ்பெக்ட்ரஸ் பருத்த அம்மாள், கண்ணாடி. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நடை, கை வீச்சு எல்லாம் நன்றாகப் போயிற்று. குதித்தேன். முதல் இரண்டும் தாங்கியது. பிறகு போய்விட்டது. காலடி மணலில் ஈரம் தெரிந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

"குதிச்சது போதும். பாட்டு வகுப்புக்குப் போகலாம்" என்று அந்த அம்மாள் கையைத் தூக்கினார். பிறகு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"பிரசவம் ஆகி எத்தனை மாசம், டீச்சர்?" சொன்னேன். "எனக்கு மூணு பிரசவம். எந்த ஸ்கூல்லயும் நாற்காலியில உட்கார மாட்டேன். எழுந்தா தெரிஞ்சிடும். திமிர்னு பேசிக்கிறாங்க. பேசட்டும்."

பயிற்சியைச் சொன்னேன். "எனக்கு இனிமே எதுக்கும்மா" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. எச்.எம். அம்மா வாசித்தார். டிரில் போதிப்பு திருப்தி. ஆனால் பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்புக்கு இந்த வேலை தகாது, மணமாகாத ஆசிரியையை நியமிப்பது நலம்.

"உன் நல்லதுக்குத்தான் எழுதிருக்காங்க. ஜூன்ல புது ஆள் வந்திரும்."

"தையல் வகுப்பாவது..."

"அதுக்கு ஆள் இருக்கே."

இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பார். அது எனக்கும் தெரிகிறது. தெரிந்தும் அந்த அம்மாளைச் சபிக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பாட்டோடு செய்கிற பயிற்சியை மட்டும் விடவில்லை.

மார்ச் 20, வெள்ளி

வெக்கை. வண்டியூர் பஸ் கிளம்பிவிட்டது. கையில் அரிசிப் பையோடு துரத்தி ஓடி ஏறினேன். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, ஓடியிருக்கிறேன் என்று.

வீட்டுக்கு வந்ததும் அறைக்கதவைச் சாத்தித் துணியை எடுத்துப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. நம்பவில்லை. நின்ற இடத்தில் குதித்தேன். திரும்பவும் குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

வெளியே அத்தை: "என்னத்தா சத்தம்? பைய, பிள்ள முழிச்சுக்கிருவான்."

அழுதுகொண்டே குதித்தேன்.