நீங்கள் போட்டுக்கொள்ளாத ஊசி

அம்மா,

இன்று காலை நர்ஸ் பெண் எனக்குப் போட வந்த ஊசி மருந்து மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருந்தது. "பி-டுவெல்வ் மாமி. வயசானா சாப்பிடற சத்து உடம்புல ஏறாது, அவ்வளவுதான்" என்றாள். அவ்வளவுதானாம். அதற்காகத்தான் ஸ்ரீரங்கம் முழுக்க நான் மாமியாரைப் பட்டினி போட்டவள் என்று பெயர் வாங்கினேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் உங்கள் மாட்டுப்பெண்ணாகி ஆறு வருஷம். உங்கள் நாக்கு வழவழவென்று சிவந்தது, முகம் வெளுத்தது. பாதத்தில் எறும்பு ஊர்கிறது என்பீர்கள். கோயில் படியில் குனிந்து பார்த்துப் பார்த்துத்தான் கால் வைத்தீர்கள். நான் போட்ட ரசஞ்சாதம், கீரை, பால் எல்லாவற்றையும் சாப்பிட்டீர்கள். சாப்பிட்டும் இளைத்தீர்கள்.

வீதியில் கேட்டவர்களிடம், "என்னத்தைச் சாப்ட்டு என்ன, ஒடம்புல ஒட்டலையே" என்பீர்கள். பொய்யில்லை. ஆனால் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது, அதற்குமேல் ஒரு வார்த்தை உங்களிடமிருந்து வரவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டாக்டரிடம் நான்தான் உங்களை அழைத்துப்போனேன். உங்களைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னார். "சாப்பாட்டுல குறை இல்லைம்மா. இவங்க வயிறு பி-டுவெல்வ்ங்கிற சத்தை எடுத்துக்க மாட்டேங்குது. டானிக் பிரயோஜனப்படாது, ஊசிதான். இப்பவே ஆரம்பிச்சா நல்லா நடப்பாங்க."

வீட்டில் உங்கள் பெண் வந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சீட்டைப் பார்த்தாள். அவள் புக்ககத்தில் யாருக்கோ இதே வியாதிக்கு ஆட்டு ஈரலில் எடுத்த ஊசி போட்டார்களாம். "பட்டினி போட்டது போறாதுன்னு அம்மா ஒடம்புல மாம்சத்தை வேற ஏத்தப் பாக்கறயா மன்னி?" என்றாள். உங்கள் பிள்ளை பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை. நான் உங்களைப் பார்த்தேன். பட்டினி போடவில்லை என்று சொல்ல உங்களால் மட்டும்தான் முடியும்.

"நேக்கு ஊசியெல்லாம் வேண்டாம்" என்றீர்கள்.

டானிக் பாட்டில்கள் வந்தன. வருஷம் திரும்புவதற்குள் படுத்துவிட்டீர்கள். பெருமாள் வீதியில் எழுந்தருளும்போது கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தச் சொல்வீர்கள். அப்புறம் அதுவும் இல்லை. காரியத்துக்கு வந்தவர்கள் என் சமையலைச் சாப்பிட்டுக்கொண்டே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஆனால் யாரிடமும் சொல்லாத ஒன்றை இன்று உங்களிடம் சொல்கிறேன். நம் ஆத்தில் கேட்பார்கள் என்று தெரிந்து டாக்டரிடம் நானே கேட்டிருந்தேன், ஈரலா என்று. "அதெல்லாம் அந்தக் காலம்மா. இது ஈரல் இல்லை, தைரியமாப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றார்.

உங்கள் பெண் கத்தியபோது அந்தப் பதில் என் நுனி நாக்கில் இருந்தது. நீங்கள் எனக்காக ஒரு வார்த்தை பேசட்டும், பிறகு சொல்கிறேன் என்று காத்திருந்தேன். நீங்கள் பேசவில்லை; நானும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அதைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன் அம்மா. அன்று சீட்டை மடித்து அலமாரியில் வைத்தேன். உங்களுக்குத் தட்டு வைத்துச் சாதம் போட்டேன்.